நீர் சூழ்ந்த அறக்கோட்டம்

சீத்தலைச் சாத்தனார் அருளிய மணிமேகலையின் பத்தொன்பதாவது காதைக்குச் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்பது பெயர். அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை சோழ மன்னனிடம் வரம் வேண்டி, கொடுஞ்சிறையை அறச்சாலையாக மாற்றிய நிகழ்ச்சியை அக்காதை கூறுகிறது. ஏட்டில் பயின்ற அம்மாற்றத்தின் பயனை நாள்தோறும் கண்முன் காணும் பேறு பெற்றவர்கள் அந்தமான் தமிழராகிய நாம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நம் போர்ட் பிளேயரில், 1906 இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறையின் வளாகத்திலேதான் 1963 இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை தோன்றியது. ஏழு கரங்களை விரித்து நின்ற அச்சிறையில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று கரங்களே. மனிதரை வதைத்த மண்ணில் மனிதரைப் பிழைப்பிக்கும் மனை எழுந்தது. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆயிற்று.

ஆயின், அறக்கோட்டமே மீண்டும் சிறைக்கோட்டமாகும் வேளையும் உண்டு. புயல் எழுந்து, நீர் சூழ்ந்து, சாலையும் துறையும் வானும் அடைபட்டுவிட்டால், மருத்துவமனையினுள் இருப்போர் வெளியேற இயலாது. வெளியே இருப்போர் உள்ளே புக இயலாது. நோயாளர் மட்டுமன்றி, அவரைக் காக்கும் மருத்துவரும் செவிலியரும் அன்று கைதிகளே. அவ்வாறு அடைபட்ட மனைகளின் வரலாற்றையும், அவற்றினுள் தொழில் செய்தோரின் நிலையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் அனுபவம் ஒன்று

2013 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை இரவு. ‘லெகர்’ எனப் பெயரிடப்பெற்ற புயல் இத்தீவுகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தது. எம் அன்னையார் மூச்சுத்திணறலால் இவ்வூர் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு நான்கு நாட்கள் ஆகியிருந்தன. மேற்சிகிச்சைக்குச் சென்னை கொண்டுசெல்லுதல் நலம் என மருத்துவர் முன்னரே கூறியிருந்தார். விடுப்பு விண்ணப்பமும் எழுதி, பயணத்திற்கான ஏற்பாடுகளையும் செய்து வைத்திருந்தோம். ஆனால் விமானம் பறக்கவில்லை. ஹேடோ துறைமேடையிலிருந்து கப்பலும் புறப்படவில்லை. காற்று ஓய்ந்து கப்பல் கிளம்பினும், சென்னைக் கரையை அடைய மூன்று நாட்கள் கடல் மேல் கழியும் என்பதை இத்தீவில் வாழ்வோர் அறிவர்.

நள்ளிரவுக்குப் பின் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் இயங்கும் வரை சில நிமிடங்கள் கூடம் முழுதும் இருண்டது. அவ்விருளில் ஒரு செவிலியர் கைவிளக்கோடு கட்டில் கட்டிலாகச் சென்று, ஆக்சிஜன் உருளைகளின் அளவுமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எம் அன்னையாரின் கட்டிலருகே வந்தபோது, “பயப்படாதீங்க அண்ணா, அம்மாவோட சிலிண்டர் காலை வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள மாத்திடுவேன்” என்றார். அவர் முதல்நாள் காலையில் பணிக்கு வந்தவர். சாலையில் மரங்கள் சாய்ந்தமையால் மாற்றுச் செவிலியர் வந்து சேரவில்லை. வீட்டில் சிறு குழந்தை இருக்கிறதென்று பேச்சினிடையே அறிந்தோம். வீட்டிற்குச் செல்ல வழியில்லையா என வினவினோம். “வழி இருந்தாலும் இப்ப எப்படிண்ணா போறது? இத்தனை பேரும் மூச்சுக்கு என் முகத்தைத்தானே பார்க்கிறாங்க” என்று கூறி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

விடியற்காலையில் புயல் போர்ட் பிளேயருக்கு அருகே தீவுகளைக் கடந்து மேற்கே சென்றது. எம் அன்னையார் பிழைத்தார். பின்னர் ஆறு ஆண்டுகள் வாழ்ந்து, தம் பெயரர் பள்ளி செல்வதையும் கண்டார். அந்த இரவே எம்மை இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

வள்ளுவர் வகுத்த நான்கு

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து அளிப்பவர். இந்நான்கும் சேர்ந்தே மருத்துவம் என்பது வள்ளுவர் கோட்பாடு. நான்காவதாக நிற்பவரை வெறும் ஏவலராகக் கருதாமல், மருத்துவத்தின் கால் பங்காகவே அவர் வைத்தமை எண்ணி மகிழத்தக்கது.

வெள்ளம் மருத்துவமனையைச் சூழும்போது இந்நான்கில் எவை நிலைக்கின்றன? மருந்தும் கருவியும் முதலில் குறைகின்றன. வெளியே சென்ற மருத்துவர் திரும்ப இயலாது போகலாம். நோயாளர் குறைவதில்லை, பெருகவே செய்வர். எஞ்சுவது அருகிருப்பவரின் கையே. ஆகவே அடைபட்ட மருத்துவமனையின் வரலாறு பெரும்பாலும் அந்த நான்காமவரின் வரலாறு எனலாம்.

தீவுகளின் பழைய புயல்கள்

நம் தீவுகளின் குடியேற்ற வரலாறே மருத்துவத்தோடு பின்னியது. 1789 இல் ஆர்ச்சிபால்டு பிளேயர் அமைத்த முதற் குடியிருப்பு சில ஆண்டுகளில் வட அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோயின் கொடுமை தாங்காது 1796 இல் கைவிடப்பட்டது. 1857 இன் இறுதியில் மீண்டும் இடம் தேடி வந்த குழுவின் தலைவர் மௌவாட் ஒரு மருத்துவர். 1858 மார்ச் 10 அன்று இருநூறு கைதிகளோடு வந்திறங்கிய முதற் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கரும் மருத்துவரே. நாம் வாழும் ஹேடோவும் கைதிக் குடியேற்றக் காலத்தில் மருத்துவமனையும் மனநோயாளர் விடுதியும் பெற்றிருந்த இடமாகும். அந்தமான் பழங்குடியினருக்கென அமைத்த ‘அந்தமான் இல்லமும்’ இங்கு இருந்தது.

அக்குடியேற்றத்திற்கும் முன்னர் நிகழ்ந்த ஒரு புயல் உலகப் புகழ் பெற்றது. 1844 நவம்பர் 12 விடியுமுன், ‘பிரிட்டன்’, ‘ரன்னிமீடு’ என்னும் இரண்டு படைக் கப்பல்களைப் பெருங்காற்று தூக்கி எறிந்தது. கல்கத்தாவை நோக்கிச் சென்ற அவற்றுள் ஒன்று சிட்னியிலிருந்தும் மற்றொன்று இங்கிலாந்திலிருந்தும் வந்தவை. ஒன்றையொன்று அறியாது வந்த இரண்டும், ஒரே இரவில், நம் ஹேவ்லாக்கிற்கு அண்மையிலுள்ள ஜான் லாரன்சு தீவின் பவளப்பாறையைத் தாண்டி, அலையாத்திக் காட்டினுள் அருகருகே வீசப்பட்டன. பொழுது விடிந்தபோது ஒரு கப்பலில் இருந்தோர் மறு கப்பலைக் கண்டு வியந்தனர். பெண்டிர் பிள்ளைகள் உட்பட அறுநூறு பேருக்கு மேல் அங்குச் சிக்குண்டனர். சிறு படகு ஒன்று கடல் கடந்து மெர்குயி சென்று செய்தி சொல்லி, உதவிக் கப்பல்கள் வந்து மீட்கும் வரை ஐம்பது நாட்களுக்கு மேல் அவர்கள் இருந்த உணவையும் நீரையும் அளந்து உண்டு வாழ்ந்தனர்.

கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார் இந்தப் புயலைப் பற்றித் தனி ஆய்வுரை ஒன்று எழுதினார். சுழன்று வீசும் கடற்காற்றுக்குச் ‘சைக்ளோன்’ என்னும் பெயரை உலகிற்கு வழங்கியவர் அவரே. ஆக, இன்று வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் உரைக்கும் அச்சொல்லின் பிறப்பு வரலாற்றில் நம் தீவுக்கடலுக்கும் ஒரு பங்குண்டு.

அடுத்தது 1891. நவம்பர் மாதத் தொடக்கத்தில் போர்ட் பிளேயரைத் தாக்கிய புயலில் ‘எண்டர்பிரைசு’ என்னும் அரசுக் கப்பல் சவுத் பாயிண்டு அருகே பாறையில் மோதிச் சிதைந்தது. கப்பலில் இருந்தோருள் உயிர் தப்பியோர் அறுவரே. அந்த அறுவரைக் கரை சேர்த்தவர் யாவர்? அருகிருந்த பெண்கள் சிறையின் கைதிகள். அலைக்குள் இறங்கிக் கையோடு கை கோத்து, மனிதச் சங்கிலியாக நின்று, மாலுமிகளைக் கரைக்கு இழுத்தனர் அப்பெண்கள். கொடியவர் என்று நாடு கடத்தப்பெற்ற மகளிர், அறிமுகமற்ற ஆடவருக்காகக் கடலில் இறங்கினர். இந்தக் கைச்சங்கிலியை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். இன்னும் ஓரிடத்தில் இதனை மீண்டும் காண்போம்.

மருத்துவமனையே மறைந்த ஊர்

அந்தமான் கடலில் கருக்கொண்டு தமிழகத்தை அழித்த புயலொன்றும் உண்டு. 1964 டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வழுத்தம் வலுப்பெற்று, இலங்கையைக் கடந்து, டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த 653 ஆம் எண் பயணிகள் ரயில் ஊரை நெருங்குகையில் அலை மோதி, அதிலிருந்த அனைவரையும் கடல் கொண்டது. ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்கச்சாவடி ஆகியவற்றோடு ரயில்வே மருத்துவமனை ஒன்றும், ஊராட்சி ஒன்றிய மருந்தகம் ஒன்றும் பெற்றிருந்த துறைமுகம் அது. ஒரே இரவில் காயமுற்றோரும் காப்பாற்ற வேண்டிய மனையும் ஒருங்கே நீரில் மூழ்கின. மக்கள் வாழத் தகாத இடம் என அரசு அதனை அறிவித்தது.

தனுஷ்கோடி அழிந்த அதே 1964 இன் அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன் விளைவாகத் தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணியளவில் நிலம் நடுங்கி, ஆழிப்பேரலை எழுந்தபோது, பெரும் உயிரிழப்புக்கு ஆளான தீவுகளுள் கச்சாலும் ஒன்று. அது புயல் வெள்ளம் அன்றாயினும், மருத்துவமனையைத் தனிமைப்படுத்துவதில் அதனினும் கொடியது. துறைமேடைகள் சிதைந்தன. நம் ஹேடோ மேடையும் சேதமுற்றது. நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட்டின் வயல்களில் புகுந்த கடல் பின்வாங்கவேயில்லை. தென் தீவுகளில் காயமுற்றோர் விமானத்திலும் கப்பலிலும் போர்ட் பிளேயருக்குக் கொணரப்பட்டனர். சிறை வளாகத்து மருத்துவமனை அன்று முழுத் தீவுக்கூட்டத்திற்கும் அறக்கோட்டமாக நின்றது.

முன்னர்க் குறித்த செவிலியர் கச்சாலில் பிறந்தவர் என்பதையும், அவருடைய தமக்கை அந்தப் பேரலையில் மறைந்தவர் என்பதையும் பின்னரே அறிந்தோம். காற்று எழும் இரவுகளில் கூடத்தை விட்டு அகல அவர் மனம் ஒப்பாததன் காரணம் அப்போதுதான் எமக்கு விளங்கியது.

நியூ ஆர்லியன்சு: ஐந்து நாட்கள்

வெள்ளத்தால் அடைபட்ட மருத்துவமனையின் உள்நிலையை நாள்வாரியாக அறிய உதவும் நிகழ்ச்சி அமெரிக்காவில் நிகழ்ந்தது. செல்வமும் பொறியியலும் மிக்க நாட்டில் அது நிகழ்ந்தமையே நமக்குப் பாடமாகும்.

நியூ ஆர்லியன்சு நகரில் ஏறக்குறைய பாதி கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. கால்வாய்க் கரைகளும் நீரேற்றும் எந்திரங்களுமே அதனைக் காப்பன. 2005 ஆகஸ்டு 29, திங்கட்கிழமை காலை ‘கத்ரீனா’ சூறாவளி கரை ஏறியது. காற்று கடந்தபின் மருத்துவமனையில் இருந்தோர், ‘தப்பினோம்’ என்றே எண்ணினர். ஆயின் கால்வாய்க் கரைச்சுவர்கள் பல இடங்களில் உடைந்து, நகரில் நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் மூழ்கியது. புயல் கொல்லாமல் விட்டதை வெள்ளம் தேடி வந்தது.

‘மெமோரியல்’ என்னும் மருத்துவமனையில் இருநூற்றுக்கு மேற்பட்ட நோயாளரும், ஊழியரும், புகலிடம் தேடி வந்த உறவினருமாக ஏறத்தாழ 2,000 பேர் அடைபட்டனர். புதன்கிழமை பின்னிரவு இரண்டு மணியளவில் ஜெனரேட்டர்கள் நின்றன. விளக்கில்லை, குளிர்காற்று இல்லை, மின்தூக்கி இல்லை. செயற்கை மூச்சுக் கருவிகளின் மின்கலம் தீர்ந்தது. திறவாச் சாளரங்கள் கொண்ட அக்கட்டடத்தினுள் வெப்பம் முப்பத்தெட்டுப் பாகையை மிஞ்சியது. செவிலியர் கையால் அழுத்தும் பையைக் கொண்டு நோயாளருக்கு மூச்சூட்டினர். நிமிடத்திற்குப் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்த வேண்டும், ஒருமுறையும் தவறலாகாது. ஒரு மணி நேரத்தில் அறுநூறு முறைக்கு மேல் கை மடங்கி விரிய வேண்டுமெனின், அவ்வுழைப்பின் அருமையை அன்பர்களே அளந்துகொள்க.

மீட்பு எலிகாப்டர் இறங்கும் தளம் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல் இருந்தது. நோயாளரை இருண்ட படிக்கட்டு வழியே இரண்டாம் மாடிக்கு இறக்கி, எந்திர அறைச் சுவரில் இருந்த ஏறக்குறைய மூன்றடிச் சதுரத் துளையின் ஊடே மறுபுறம் கடத்தி, மீண்டும் மேலே ஏற்றிச் சுமந்தனர். பச்சிளங்குழந்தைகளும் தீவிரச் சிகிச்சை நோயாளரும் முன்னர் அனுப்பப்பட்டனர். பின்னர், எஞ்சியோரை மூன்று வகையாகப் பிரித்தனர். நடக்கக்கூடியோர் முதல் வகை. உதவி வேண்டியோர் இரண்டாம் வகை. மிகவும் நலிந்தோர் மூன்றாம் வகை. மூன்றாம் வகையினரே இறுதியில் செல்வதென முடிவாயிற்று. செப்டம்பர் 11 அன்று அம்மனையில் நாற்பத்தைந்து உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. இறந்தோருள் சிலருக்கு அளவுக்கு மேல் மயக்கமருந்து தரப்பட்டதோ என ஐயம் எழுந்து, 2006 இல் ஒரு மருத்துவரும் இரு செவிலியரும் கைது செய்யப்பட்டனர். 2007 இல் நடுவர் குழு அம்மருத்துவர்மீது குற்றஞ்சாட்ட மறுத்தது. செவிலியர்மீதும் வழக்கு நடைபெறவில்லை.

இங்கு ஒரு வினா எழுகிறது. ‘யார் முதலில்?’ என்னும் வினாவே அது. வலியோரை முதலில் அனுப்பினால் பலர் விரைவில் பிழைப்பர் என்பது ஒரு வாதம். மிக நலிந்தோரைப் பின்னுக்குத் தள்ளுவது மருத்துவத்தின் அடிப்படைக்கே மாறன்றோ என்பது மறுவாதம். இரண்டையும் எடைபோட எமக்குத் தகுதியில்லை. இருளில், நீரின் நடுவே, மூன்று இரவுகள் உறங்காத கண்களோடு அம்முடிவை எடுத்தோரை ஏசவும் எமக்கு மனமில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அவ்வினாவுக்கு விடை காண வேண்டிய நேரம் அந்த இரவன்று. வெயில் காயும் நாட்களிலேயே அமர்ந்து, ஆராய்ந்து, எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

அதே நகரில் ‘சாரிட்டி’ என்னும் ஏழையர் மருத்துவமனை இருந்தது. கப்பல் தொழிலாளி ஒருவர் தம் இறுதி முறியில் எழுதி வைத்த பொருளால் 1736 இல் தோன்றியது அது. 1939 இல் எழுந்த இருபது மாடிக் கட்டடத்தில் அன்று மின்சாரம் அற்றபோது, ஊழியர் நோயாளரைப் படிக்கட்டு வழியே சுமந்திறக்கி, கைப்பையால் மூச்சூட்டியவாறே படகில் ஏற்றி, அண்டையிலிருந்த டுலேன் மருத்துவமனையின் வாகன நிறுத்தக் கூரைக்குக் கொண்டுசென்றனர். செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை இறுதி நோயாளரும் வெளியேறினார். அதன்பின் அக்கட்டடம் மருத்துவமனையாகத் திறக்கப்படவேயில்லை.

பதின்மூன்று மாடிச் சங்கிலி

ஏழு ஆண்டுகள் சென்றபின், 2012 அக்டோபர் 29 இரவு ‘சாண்டி’ சூறாவளி நியூயார்க்கைத் தாக்கியது. சாரிட்டி தோன்றிய அதே 1736 ஆம் ஆண்டில் தோன்றிய ‘பெல்வியூ’ மருத்துவமனையில், நியூ ஆர்லியன்சின் படிப்பினையை எண்ணியவர்போல் ஜெனரேட்டர்களைப் பதின்மூன்றாம் மாடியில் வைத்திருந்தனர். ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் எந்திரங்கள் கீழ்த்தளத்தில் இருந்தன. நீர் கீழ்த்தளத்தை நிறைத்தது. எந்திரம் மேலே இருந்தும் உணவு கீழே முடங்கிற்று. அப்போது ஊழியரும் படைவீரரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, எண்ணெய்க் கலங்களைக் கைம்மாற்றிக் கைம்மாற்றிப் பதின்மூன்று மாடிக்கும் ஏற்றினர். அதே இரவில் அண்டையிலிருந்த நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் படி வழியே இறக்கப்பட்டனர். அவர்களுள் இருபது பச்சிளங்குழந்தைகளைச் செவிலியர் மார்போடு அணைத்து, மூச்சூட்டியபடி இறங்கினர்.

1891 இல் நம் சவுத் பாயிண்டில் கைதிப் பெண்டிர் கோத்த கைச்சங்கிலியையே நூற்றிருபத்தோராண்டு கழித்து நியூயார்க் நகரின் படிக்கட்டில் காண்கிறோம். எந்திரம் தோற்கும் இடத்தில் மனிதக் கை தொடர்கிறது. இது பெருமைக்குரியது. ஆனால் இப்பெருமையிலேயே நாம் மயங்கிவிடலாகாது. எண்ணெய் ஏற்றும் எந்திரத்தையும் மேலே வைத்திருந்தால் அச்சங்கிலிக்குத் தேவையே எழுந்திராது. தொண்டரின் தியாகத்தைப் பாராட்டும் வாய், அத்தியாகத்தைத் தேவையாக்கிய குறைபாட்டையும் கேட்க வேண்டும்.

நம் தாயகத்திலும் இப்பாடம் கிடைத்துள்ளது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னையில் அடையாறு பெருகியபோது, ஆற்றங்கரை மருத்துவமனை ஒன்றில் வெள்ளம் புகுந்து ஜெனரேட்டர்கள் செயலற்றன. உயிர்காப்புக் கருவிகளோடு இருந்த நோயாளர் சிலர் அந்நாட்களில் இறந்தனர். இறப்பின் காரணம் பற்றி இருவேறு கூற்றுகள் எழுந்தன. அக்கூற்றுகளின் மெய்ம்மை எவ்வாறாயினும், கடலும் ஆறும் கட்டடத்தின் கீழ்த்தளத்தையே முதலில் தேடி வரும் என்பது மூன்று ஊர்களிலும் மெய்யாயிற்று.

தீவுக்குள் ஒரு தீவு

பெருநிலத்து மருத்துவமனை வெள்ளத்தில் மட்டுமே தீவாகிறது. நம் மருத்துவமனையோ வெயிற்காலத்திலும் தீவே. சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. நியூ ஆர்லியன்சில் அண்டை மாநிலத்து எலிகாப்டர்கள் சில நாட்களிலேனும் வந்தன. நமக்கு அண்டை என்பது கடல். 2016 டிசம்பர் முதல் வாரத்துப் பெருமழையில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்குண்டு, கடற்படைக் கப்பல்கள் சென்று மீட்டமை அன்பர்கள் அறிந்ததே. அம்மழைக்குக் காரணமான மண்டலமே ‘வர்தா’ புயலாகி, டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது. நம்மை அடைத்த காற்றே, நாம் உதவி நாடும் ஊரையும் அடுத்து அடைத்தது. இருகரைக்கும் ஒரே காற்று என்பதை இதனினும் தெளிவாக யார் உரைக்க இயலும்?

மணிமேகலையிலே ஆபுத்திரன் வரலாறு ஒன்று வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியோடு கப்பலேறிச் சென்ற அவன், காற்றின் கொடுமையால் மணிபல்லவத் தீவில் நின்ற கலத்தினின்று இறங்க, கலம் அவனை விட்டு அகன்றது. ஊட்டுதற்கு ஒருவரும் இல்லாத தீவில் தான் மட்டும் உண்ண விரும்பாது, பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உயிர் நீத்தான். அவனிடம் கலம் இருந்தது, பசித்தவர் இல்லை. வெள்ளம் சூழ்ந்த மருத்துவமனையின் துயரம் இதற்கு நேர்மாறானது. அங்குப் பசித்தவர் நிறைந்துள்ளனர், அமுதசுரபியோ வற்றிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் உருளையின் முள் பூச்சியத்தை நோக்கிச் சாய்வதைக் கண்டவர் இதனை உணர்வர்.

ஆதலின், இம்மலரைக் கையில் ஏந்தும் தமிழ்க் குடும்பத்தாரிடம் மூன்று விண்ணப்பங்களைப் பணிவோடு வைக்கின்றோம். அரசு செய்ய வேண்டியவற்றை அரசு செய்யும். செய்யாவிடின் கேட்கும் உரிமை நமக்குண்டு. அதற்கு அப்பால் நம் கைக்கு எட்டியவை இவை. முதலாவது, ஒவ்வொரு பகுதியிலும் ஆக்சிஜன், சிறுநீரகச் சுத்திகரிப்பு, இன்சுலின் ஆகியவற்றை நம்பி வாழ்வோரின் பெயரேடு ஒன்றினைச் சங்கம் பேண வேண்டும். புயற்கூண்டு ஏறுமுன்னரே அவர்கள் இல்லத்திற்கு ஒருவர் சென்று விசாரித்தல் வேண்டும். இரண்டாவது, குருதி வகை அறிந்த இளைஞர் பட்டியலும், கைப்பையால் மூச்சூட்டவும் தூக்குக்கட்டிலைப் படியில் இறக்கவும் முறையாகப் பயின்ற தொண்டர் குழுவும் நமக்கு வேண்டும். மூன்றாவது, புயல் இரவில் மருத்துவமனையில் தங்கிவிடும் ஊழியரின் வீடுகளை நாம் காத்தல் வேண்டும். அவர்தம் குழந்தைக்குப் பால் கிடைத்ததா, கூரை நின்றதா என்னும் செய்தி அவர்க்கு எட்டினால், அவர் கை மேலும் ஓர் இரவு தளராது நிற்கும்.

இம்மூன்றாவது விண்ணப்பம் எம் கடனிலிருந்து பிறந்தது. அன்றிரவு எம் அன்னையாரின் உருளையை மாற்றிய செவிலியர், மறுநாள் நண்பகலுக்குப் பின்னரே மாற்றாள் வந்து வீடு சென்றார். அவர் குழந்தையை அன்று யார் பார்த்துக்கொண்டனர் என்று கேட்க எமக்குத் தோன்றவேயில்லை. எம் அன்னையின் மூச்சு ஒன்றே எமக்கு உலகமாக இருந்தது. அன்று கேட்க மறந்த அக்கேள்வியை, அடுத்த கூண்டு ஏறும்போது நாம் அனைவரும் சேர்ந்து கேட்போமாக.